குலுக்கிட்டுக் கொடுங்க: மருந்துப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு எண்

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து வாங்காத வீடு நம்மில் கிடையாது. டொராண்டோவில் வாங்கினாலும் சரி, லண்டனில் வாங்கினாலும் சரி, அந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்." ராத்திரி இரண்டு மணிக்கு, 39 டிகிரி காய்ச்சலோடு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது அந்த வரியை யார் படிக்கிறோம்? மூடியைத் திறந்தோமா, ஊற்றினோமா, குடுத்தோமா என்றுதான் இருப்போம்.

அந்த வரிக்குக் காரணம் ஒரு எண். அந்த மருந்து தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று ஏதோ ஒரு லேபில் அளந்து எழுதிய எண். உங்கள் கையில் இருப்பது மாத்திரையா, கலங்கலான மருந்தா, கண்ணாடி மாதிரி தெளிந்த சிரப்பா என்பதை அந்த எண்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயங்களில் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். அதனால் இந்த மாதம் கொஞ்சம் வேதியியல். பயப்பட வேண்டாம், காபியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அடியில் தங்கிய சர்க்கரை

ஆறிப்போன காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை அதிகமாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் வாய் சாதாரணமாக இருக்கும். கடைசி வாய் மட்டும் பாயசம் மாதிரி இனிக்கும். சர்க்கரை கரையும் பொருள்தான், ஆனாலும் அதற்கு ஒரு வேகம் இருக்கு, ஒரு எல்லையும் இருக்கு. 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையை ஏற்கும். அதே தண்ணீர் சமையல் உப்பில் 36 கிராம்தான் ஏற்கும். அதற்கு மேல் போட்டால் எவ்வளவு கலக்கினாலும் அடியில்தான் நிற்கும். அந்த எல்லையைத்தான் கரைதிறன் என்கிறோம். இனிமேல் ஏற்காது என்ற நிலையில் உள்ள கரைசலுக்குத் தெவிட்டிய கரைசல் என்று பெயர்.

மஞ்சள் பால் இன்னொரு ரகம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. பாலில் உள்ள கொழுப்பில் கொஞ்சம் போகும். மஞ்சள் தூளில் மீதி எல்லாம் துகளாக மிதந்துகொண்டு இருக்கும். ஐந்து நிமிடம் தம்ளரை அப்படியே வைத்துப் பாருங்க, அடியில் மண்டி தங்கிவிடும். கரைவது வேறு, மிதப்பது வேறு. மருந்துப் பாட்டிலின் கதை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கு.

லேபில் எப்படி அளக்கிறார்கள்?

"தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்த்தால் தெரிஞ்சிடுமே, இதுக்கு எதுக்கு லேப்?" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதற்கென்றே உலக அளவில் ஒரு எழுதப்பட்ட முறை இருக்கு. ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 105-ஆம் எண் சோதனை வழிகாட்டி அது. 1981-இல் வந்தது, 1995-இல் திருத்தப்பட்டது. புதிய ரசாயனம் ஏரியில், ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று கணிப்பதற்கும் முதலில் கேட்கப்படும் எண்களில் இதுவும் ஒன்று.

முதல் கட்டம் நம் சமையலறை மாதிரிதான். ஒரு அளவுக் குழாயில் 0.1 கிராம் பொருளைப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் குலுக்கி, துகள் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். எந்த அளவுத் தண்ணீரில் மறைகிறதோ, அதிலிருந்து ஒரு தோராயக் கணக்கு கிடைக்கும்.

அடுத்துதான் உண்மையான சோதனை. தோராயக் கணக்கைப்போல ஐந்து மடங்கு பொருளை எடுத்து, மூன்று கண்ணாடிக் குடுவைகளில் தண்ணீரோடு போடுவார்கள். அது முழுக்கக் கரையாது என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் லோடு டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தும் சர்வர் விழவில்லை என்றால், ஆயிரம் பேரைத் தாங்கும் என்று மட்டும்தான் தெரியும். அதன் எல்லை எது என்று தெரியாது. இங்கேயும் அப்படித்தான். போட்டது எல்லாம் கரைந்துவிட்டால் எல்லை தெரியாது. அடியில் கொஞ்சம் மிச்சம் நின்றால்தான் மேலே உள்ள தண்ணீர் நிறைந்துவிட்டது என்று நம்பலாம்.

குடுவைகளை முதலில் 30 டிகிரியில் வைத்துக் குலுக்குவார்கள். ஒரு நாள் கழித்து முதல் குடுவையை எடுத்து, சோதனை வெப்பநிலையில், பொதுவாக 20 டிகிரியில், 24 மணி நேரம் வைப்பார்கள். சூட்டில் கூடுதலாகக் கரைந்தது குளிரும்போது வெளியே வந்துவிடும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் துகளை அடியில் தள்ளி, மேலே உள்ள தெளிந்த நீரில் எவ்வளவு பொருள் இருக்கு என்று கருவியில் அளப்பார்கள். இரண்டாவது குடுவைக்கு இரண்டு நாள் குலுக்கல், மூன்றாவதுக்கு மூன்று நாள். கடைசி இரண்டின் விடைகளும் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். நாளுக்கு நாள் எண் ஏறிக்கொண்டே போனால், இன்னும் கரைந்து முடியவில்லை என்று அர்த்தம். அப்போது கூடுதல் நாட்கள் வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரையும் பொருள் என்றால் இந்தக் குடுவை முறை சரிப்படாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் தப்பி வந்தாலே கணக்கு கெட்டுவிடும். அதற்கு வேறு வழி. சிறு கண்ணாடி மணிகள் அல்லது மணல் மேல் அந்தப் பொருளைப் பூசி, ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியாகத் தண்ணீரை மெதுவாக விடுவார்கள். வெளியே வரும் நீரை வரிசையாக அளந்துகொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எண் ஏறாமல் இறங்காமல் நிற்கும். பிறகு தண்ணீரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத் திரும்ப அளப்பார்கள். அப்பவும் அதே எண் வந்தால்தான் ஏற்பார்கள்.

நம் பாட்டிலில் உள்ள எண்கள்

இப்போது நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். இரண்டு மருந்துகளை மட்டும் பார்க்கலாம்.

முதலாவது பாராசிட்டமால். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். இரண்டும் ஒன்றே. 25 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் இது சுமார் 14 மில்லிகிராம் கரையும். அப்படின்னா 5 மி.லி. தண்ணீரில் 70 மி.கி. கரையும். ஆனால் பிரிட்டனில் சின்னப் பிள்ளைகளுக்கான மருந்தில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கு. அமெரிக்காவில் 160 மி.கி. தண்ணீர் ஏற்கும் எல்லையைத் தாண்டிய அளவு.

இரண்டாவது ஐபுப்ரோஃபென். இது ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் சுமார் 0.02 மி.கி. மட்டுமே கரையும். பிள்ளைகளுக்கான மருந்தில் 5 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். அந்த ஒரு டோஸை வெறும் தண்ணீரில் கரைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். காய்ச்சல் பிள்ளைக்கு ஒரு குட்டி வாளி நிறைய மருந்தைக் குடுக்க முடியுமா?

அதனால்தான் மருந்தைக் கரைக்காமல், மிக நுண்ணிய துகளாக அரைத்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். இதற்கு சஸ்பென்ஷன் என்று பெயர். துகள் சீக்கிரம் அடியில் இறங்காமல் இருக்க சாந்தன் கம் மாதிரியான பிசினைச் சேர்த்துக் கொஞ்சம் கெட்டியாக்குவார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கரைந்த பொருள்தான் நாக்குக்குத் தெரியும். கரையாத துகள் நாக்கில் அவ்வளவாகக் கசக்காது.

கரையாத மருந்து உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஐபுப்ரோஃபென் ஒரு அமிலம். வயிற்றின் புளிப்பில் அது சரியாகக் கரையாது. குடலுக்குப் போனதும், அங்கே புளிப்பு குறைவாக இருப்பதால், பல மடங்கு கூடுதலாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். மருந்துத் துறையில் இதற்கு ஒரு அளவுகோலே உண்டு. ஒரு மருந்தின் அதிகபட்ச டோஸ் 250 மி.லி. நீரில், உடம்புச் சூட்டில், வயிற்றிலிருந்து குடல் வரை உள்ள அமிலத்தன்மைகள் எல்லாவற்றிலும் கரைந்தால்தான் அதை நன்றாகக் கரையும் மருந்து என்று வகைப்படுத்துவார்கள். 250 மி.லி. என்பது வேறொன்றும் இல்லை, மாத்திரையோடு குடிக்கும் ஒரு தம்ளர் தண்ணீர். அந்தத் தம்ளரில் பாராசிட்டமால் 3,500 மி.கி. வரை கரையும், இரண்டு 500 மி.கி. மாத்திரைகள் தாராளமாகக் கரைந்துவிடும். ஐபுப்ரோஃபென் 5 மி.கி.தான் கரையும்.

குலுக்காமல் விட்டால்?

பிசின் போட்டாலும் துகள் மெதுவாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மாதமாக அலமாரியில் நின்ற பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால், மேலே உள்ள பகுதியில் மருந்து குறைவு. பிள்ளைக்குச் சரியான 5 மி.லி. குடுத்திருப்பீங்க, ஆனால் சரியான மில்லிகிராம் போயிருக்காது. காய்ச்சல் இறங்காது. "இந்த மருந்து கேட்கலையே" என்று அடுத்த டோஸைச் சீக்கிரமே குடுக்கத் தோன்றும். அதைவிட மோசமானது கடைசி. மேலே எடுக்காமல் விட்ட மருந்தெல்லாம் அடியில் சேர்ந்திருக்கும். பாட்டில் தீரும் சமயத்தில் அதே 5 மி.லி.யில் அளவுக்கு மீறிய மருந்து போகும். பாராசிட்டமால் கூடினால் கல்லீரலுக்கு ஆபத்து. காபியின் கடைசி வாய் இனித்தால் சிரித்துவிட்டுப் போகலாம், இது அப்படி இல்லை.

ஆன்டிபயாட்டிக் மருந்துக்கும் இதேதான். மருந்துக் கடையில் தூளில் தண்ணீர் ஊற்றிக் குடுக்கும் அமாக்சிசிலின் மருந்தும் சஸ்பென்ஷன்தான். பத்து நாளும், ஒவ்வொரு வேளையும், குலுக்க வேண்டும். குலுக்கியதும் நுரை வரும். நுரையோடு உறிஞ்சினால் அளவு குறையும். அரை நிமிடம் பொறுத்து, பாட்டிலோடு வந்த சிரிஞ்சில் எடுங்க. சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு வீட்டு ஸ்பூன் மாதிரி இன்னொன்று இருக்காது.

கரைய வைக்க இன்னொரு வழி

சரி, துகளாக மிதக்க விடாமல் தெளிந்த சிரப்பாகவே வேண்டும் என்றால்? தண்ணீரோடு வேறு ஒரு திரவத்தைச் சேர்க்க வேண்டும். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை அதற்குத்தான். தண்ணீர் ஏற்காத மருந்தை அவை ஏற்கும். சரியான தரத்தில், சரியான அளவில் இருந்தால் அவை பல காலமாகப் பயன்பாட்டில் உள்ள பொருட்கள். ஆனால் இந்த வழியில்தான் பெரிய துயரங்களும் நடந்திருக்கின்றன.

1937-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசென்கில் என்ற மருந்து நிறுவனம் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் திரவமாக விற்க நினைத்தது. மாத்திரையாகவும் தூளாகவும் ஏற்கெனவே விற்ற மருந்துதான். தண்ணீரில் அது மில்லிலிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம்தான் கரையும். போதாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் நன்றாகக் கரைகிறது என்று அவர்களுடைய வேதியியலாளர் கண்டுபிடித்தார். ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை எல்லாம் சோதித்தார்கள். அந்தத் திரவம் விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் 1938-இல், விற்பனைக்கு முன்பே மருந்து பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

பழைய கதை என்று விட முடியவில்லை. 2022-இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் நாடுகளில் அதே திரவமும் அதன் உறவான எத்திலீன் கிளைக்காலும் கலந்த சிரப்களால் குழந்தைகள் இறந்தார்கள். 2025 அக்டோபரில் செய்தி நம் ஊருக்கே வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடித்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். மருந்துத் தரமான கரைப்பான் வாங்க வேண்டிய இடத்தில் தொழிற்சாலைத் தரத்தில் மலிவாக வாங்குவதும், வந்த டிரம்மைத் திறந்து சோதிக்காமல் பயன்படுத்துவதும்தான் இப்படிப்பட்ட விபத்துகளுக்கு வழக்கமான காரணம். அந்தச் சோதனை ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. செய்தால் போதும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வரும்போது பெட்டியில் முறுக்கு, பொடியோடு சேர்ந்து ஒரு இருமல் சிரப்பும் வரும். "இங்கத்த டாக்டர் ஒண்ணும் குடுக்கமாட்டாங்க, இதை ஒரு மூடி குடு, தூங்கிடும்" என்பார்கள். பாசத்தில் கொண்டு வருவதுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இங்கத்த டாக்டர் குடுக்காததற்குக் காரணமும் இருக்கு. கடையில் சும்மா வாங்கும் இருமல், சளி மருந்துகளை பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் 6 வயதுக்குக் கீழே குடுக்கக் கூடாது என்கிறார்கள். அமெரிக்காவில் லேபிளிலேயே 4 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று இருக்கும். இந்தியாவிலும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே குடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறார்கள். சிரப் தெளிவாகவும் இனிப்பாகவும் இருப்பது எந்தத் தரத்துக்கும் அத்தாட்சி இல்லை. 1937-இல் விற்றதும் நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

பிள்ளைகளோடு ஒரு சோதனை

எட்டு வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து பாருங்க. 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் உப்பைப் போட்டு, மூடி போட்ட கண்ணாடிச் சாடியில் குலுக்கி வையுங்க. அன்றைக்குப் பலமுறை குலுக்கட்டும். மறுநாள் அடியில் உப்பு மிச்சம் இருக்கும். அதைக் கலக்காமல், மேலே உள்ள தெளிந்த நீரில் 50 கிராமை எடை பார்த்து ஒரு அகலமான தட்டில் ஊற்றுங்க. ஜன்னல் ஓரம் சில நாள் வைத்து நன்றாகக் காய விடுங்க. தட்டின் எடையைக் கழித்தால் ஏறத்தாழ 13 கிராம் உப்பு கிடைக்க வேண்டும். 37 கிராம் தண்ணீரில் 13 கிராம் என்றால் 100 கிராமில் சுமார் 35. முன்னே சொன்ன 36-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

அப்புறம் பிள்ளையிடம் கேளுங்க: மிச்சம் உப்பு ஏன் வேணும்? இன்னும் இரண்டு நாள் கழித்து எடுத்திருந்தால் எண் மாறியிருக்குமா? அவர்களே யோசித்து ஓஇசிடி எழுதி வைத்ததைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த வாரம் அலமாரியைத் திறக்கும்போது

ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து லேபிளைப் பாருங்க. சஸ்பென்ஷன் என்று இருந்தால் மூடியில் பெரிய எழுத்தில் "குலுக்கு" என்று ஒட்டிவிடுங்க. ராத்திரி நேரத்தில் தாத்தாவோ பாட்டியோ எடுத்தாலும் கண்ணில் படும்.

ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்க. இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கைக்குழந்தைக்கான ஐபுப்ரோஃபென் சொட்டு மருந்து, பெரிய பிள்ளைகளுக்கான மருந்தைப்போல இரண்டு மடங்கு அடர்த்தி. இந்தியாவில் பாராசிட்டமால் சொட்டு மருந்து மில்லிலிட்டருக்கு 100 மி.கி. வரை இருக்கும். சிட்னியில் பழகிய "5 மி.லி."யைச் சென்னையில் வாங்கிய பாட்டிலுக்குப் பொருத்தக் கூடாது. பிள்ளையின் எடையைச் சொல்லி, உங்கள் ஊர் ஃபார்மசிஸ்டிடம் கேளுங்க. காசு வாங்காமல் சொல்வார்கள்.

பாராசிட்டமாலும் அசிட்டமினோஃபெனும் ஒன்றே என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்க. ஊரிலிருந்து வந்தது ஒன்று, இங்கே வாங்கியது ஒன்று என்று இரண்டையும் ஒரே ராத்திரியில் குடுத்துவிடக் கூடாது.

பெட்டியில் வந்த சிரப்பைக் குடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. கொண்டு வந்தவர்களிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைதானே முக்கியம். முறுக்கை மட்டும் தைரியமாகச் சாப்பிடலாம்.

அடுத்த மாதம் பார்ப்போம்.